எந்த முனை நிற்கிறது, எந்த முனை அசைகிறது? பிசியோதெரபி மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

நாற்காலியில் மெல்ல உட்காரும்போது முழங்கால் மடங்குகிறது. முழங்காலை மடக்குவது ஹேம்ஸ்ட்ரிங் (பின்தொடைத் தசை). அப்படியானால் அப்போது வேலை செய்வது ஹேம்ஸ்ட்ரிங்தானே? வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) இப்படிச் சொன்னேன், தவறு என்றுவிட்டார்கள். ஏன் என்று இன்னும் புரியவில்லை.
– இரண்டாம் ஆண்டு மாணவி, போரூர்

எழுந்து நில்லுங்கள். ஒரு கையைத் தொடையின் முன்பக்கத்திலும் மறு கையைப் பின்பக்கத்திலும் வைத்துக்கொண்டு, ஐந்து எண்ணும் நேரம் எடுத்து மெதுவாக உட்காருங்கள். முன்தொடை கல்லாக இறுகுவது கைக்குத் தெரியும். நீங்கள் வைவாவில் சொல்லாமல் விட்ட தசை அதுதான்: குவாட்ரிசெப்ஸ்.

முழங்காலை இங்கே மடக்குவது எந்தத் தசையும் இல்லை, உங்கள் உடம்பின் எடை. உட்காரப் போகும்போது எடையின் கோடு முழங்காலுக்குப் பின்னால் விழுகிறது, அதனால் மூட்டு தானாகவே மடங்கும். விட்டுவிட்டால் தொப்பென்று விழுவோம். கிணற்றில் குடத்தை இறக்கும்போது கயிற்றைக் கீழே தள்ள வேண்டியதில்லை, பிடித்துப் பிடித்து விட்டால் போதும். அந்தப் பிடித்து விடும் வேலையைக் குவாட்ரிசெப்ஸ் செய்கிறது. நீண்டுகொண்டே இழுப்பதால் இது எக்சென்ட்ரிக் சுருக்கம். இடுப்பில் இதே காவல் வேலை புட்டத்துப் பெரிய தசையான குளூட்டியஸ் மாக்சிமஸுக்கும் ஹேம்ஸ்ட்ரிங்குக்கும்.

எந்த அசைவைப் பற்றிக் கேட்டாலும், தசையின் பெயரைச் சொல்வதற்கு முன் இரண்டைப் பாருங்கள். புவியீர்ப்பு அந்த மூட்டை எந்தப் பக்கம் இழுக்கிறது? எலும்பின் எந்த முனை நிற்கிறது, எந்த முனை அசைகிறது? ஒரிஜின், இன்சர்ஷன் (தசை எலும்பில் தொடங்கும் இடம், போய் ஒட்டும் இடம்) பட்டியலை மனப்பாடம் செய்தவர்களும் வழுக்கி விழுவது இந்த இடத்தில்தான். பட்டியல் சொல்வது தசை சுருங்கினால் என்ன நடக்கும் என்பதை மட்டுமே. ஓர் அசைவு நடக்கும்போது எந்தத் தசை சுருங்குகிறது என்பது வேறு கேள்வி.

சோதித்துப் பார்க்க நல்ல உதாரணம், குப்புறப் படுத்து முழங்காலை மடக்குவது. தொடங்கும்போது காலின் எடை கீழே இழுக்கிறது, ஆகவே தூக்குவது ஹேம்ஸ்ட்ரிங். கால் செங்குத்தாக வந்து 90 டிகிரியைத் தாண்டியதும் எடை குதிகாலைப் புட்டத்தை நோக்கி இழுக்கத் தொடங்கும். மெதுவாகப் போனால் அங்கிருந்து கட்டுப்படுத்துவது குவாட்ரிசெப்ஸ். அசைவு ஒன்றே, நடுவழியில் தசை மாறிவிட்டது. கணுக்காலில் தெராபேண்ட் (பயிற்சிக்கான ரப்பர் பட்டை) கட்டி, கால்மாட்டில் உள்ள கம்பியோடு இணைத்தால் கணக்கு மறுபடி மாறும். பேண்ட் இழுக்கும் திசையை எதிர்க்க வேண்டியிருப்பதால் கடைசிவரை ஹேம்ஸ்ட்ரிங்தான் உழைக்கும்.

பரங்கிமலைப் படிகளில் ஏறி இறங்கியவருக்கு ஏறும்போது மூச்சு வாங்கும். மறுநாள் தொடை வலிப்பதோ பெரும்பாலும் இறங்கியதால். எக்சென்ட்ரிக் வேலையில் குறைவான இழைகளே ஈடுபட்டு, ஒவ்வொன்றும் அதிகச் சுமையைத் தாங்கியபடி நீள்கிறது. அதனால் வரும் வலி 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். நோயாளிக்கு முதன்முறை படி இறங்கும் பயிற்சி தரும் நாளில் இதைச் சொல்லி அனுப்புங்கள். சொல்லாவிட்டால் மறுநாள் 'பயிற்சியால் முட்டி கெட்டுவிட்டது' என்று வராமலே நின்றுவிடுவார்கள்.

எழும்போது என்ன நடக்கிறது என்று அடுத்த வைவாவில் கேட்கலாம். ஹேம்ஸ்ட்ரிங், குவாட்ரிசெப்ஸ் இரண்டும் சேர்ந்தே சுருங்குகின்றன. ஒன்று முழங்காலை மடக்கும் தசை, மற்றது நீட்டும் தசை, இருந்தும் எழுந்துவிடுகிறோம். ஹேம்ஸ்ட்ரிங்கின் நெம்புகரம் (மூட்டின் மையத்திலிருந்து இழுப்புக் கோட்டுக்கு உள்ள தூரம்) முழங்காலைவிட இடுப்பில் நீளம். குவாட்ரிசெப்ஸில் இடுப்பையும் தாண்டும் பகுதியான ரெக்டஸ் ஃபெமோரிஸுக்கு இடுப்பைவிட முழங்காலில் நீளம். ஆகவே இடுப்பும் நீள்கிறது, முழங்காலும் நீள்கிறது. லொம்பார்ட் முரண் என்று படிப்பது இதைத்தான்.

முழங்கால் நீளும்போது கடைசியில் 'திருகி'ப் பூட்டிக்கொள்ளும் என்கிறார்கள். கண்ணால் பார்க்க முடியுமா? ஆபரேஷன் ஆனவர்களுக்குக் கடைசிச் சில டிகிரி மட்டும் வராமல் அடம்பிடிப்பதற்கு இதுதான் காரணமா?
– மூன்றாம் ஆண்டு மாணவர், குரோம்பேட்டை

பார்க்கலாம், ஒரு பேனா போதும். நண்பரைப் பிளிந்தின் (சிகிச்சைக் கட்டிலின்) ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்கார வையுங்கள். முழங்கால் சில்லின் நடுவில் ஒரு புள்ளி. அதற்குக் கீழே, கணைக்கால் எலும்பின் (டிபியா) மேல்முனையில் கைக்குத் தட்டுப்படும் மேட்டில் இன்னொரு புள்ளி. 90 டிகிரியில் இரண்டும் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் இருக்கும். காலை முழுக்க நீட்டச் சொன்னால் கீழ்ப்புள்ளி வெளிப்பக்கமாக நகர்ந்து, சில்லின் வெளி ஓரத்துக்கு நேராகப் போய் நிற்கும். நீட்டலின் கடைசி 30 டிகிரிக்குள் டிபியா ஏறத்தாழ 10 டிகிரி வெளிப்புறம் சுழன்றதன் அடையாளம் அது. தொடை எலும்பின் உட்பக்கக் காண்டைல் (கீழ்முனைக் குமிழ்) வடிவமும், இறுகும் முன் சிலுவைத் தசைநாரும், குவாட்ரிசெப்ஸின் சற்றே வெளிச்சாய்ந்த இழுப்பும் சேர்ந்து இதைச் செய்கின்றன.

தரையில் பாதம் ஊன்றியிருந்தால் டிபியா நிற்கும், தொடை எலும்பு அசையும். அப்போது அதே பூட்டு, தொடை எலும்பு உட்புறம் சுழல்வதால் விழுகிறது. பூட்டைத் திறப்பது முழங்காலுக்குப் பின்னால் உள்ள சிறு தசை, பாப்ளிட்டியஸ். கால் தொங்கினால் டிபியாவை உட்புறமாகவும், ஊன்றியிருந்தால் தொடை எலும்பை வெளிப்புறமாகவும் அது சுழற்றும். புத்தகத்தில் இரண்டு வரியும் எதிரெதிராகத் தெரிந்து பலரும் குழம்புகிறார்கள். இரண்டு எலும்புகளுக்கும் இடையிலான சுழற்சி ஒன்றேதான், நிற்கும் முனை மட்டும் மாறியிருக்கிறது.

கடைசி டிகிரிகள் வராததற்கு இந்தத் திருகலைக் குற்றம் சொல்ல வேண்டாம். முதலில் மூட்டு வரவில்லையா, தசை வரவில்லையா என்று பிரியுங்கள். மல்லாக்கப் படுக்கவைத்து, குதிகாலுக்குக் கீழே சுருட்டிய துண்டை வையுங்கள். கால் தளர்ந்திருக்கும்போது முழங்கால் முழுதும் நேராகிவிடுகிறதா? நேராகாமல் 15 டிகிரியில் நின்றால் அது மூட்டின் இறுக்கம். பாசிவாக (பிறர் அசைத்தால்) 0 வருகிறது, தானாக நீட்டச் சொன்னால் 15-இல் நின்றுவிடுகிறது என்றால் அது எக்ஸ்டென்சர் லேக், 15 டிகிரி. முன்னதற்குத் துண்டின் மேல் குதிகாலை வைத்து நீண்ட நேர இழுப்பு வேண்டும். பின்னதற்குத் தசையை எழுப்ப வேண்டும். மாற்றிச் செய்தால் வாரங்கள் வீணாகும்.

உட்கார்ந்து காலை நீட்டும்போது கடைசி 15 டிகிரிக்கு, அதற்கு முன் தேவைப்பட்டதைவிட ஏறத்தாழ 60 சதவீதம் கூடுதல் விசை வேண்டும் என்று 1968-இல் வெளியான லீப், பெரி ஆய்வு காட்டியது. கால் கிடைமட்டமாகும்போது எடையின் நெம்புகரம் உச்சத்தில் இருக்கிறது. தசையோ ஏற்கெனவே சுருங்கிக் குறுகிவிட்டது, சில்லு தரும் நெம்புகரமும் குறைந்துவிட்டது. மூன்று பாதகமும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன.

வீக்கம் இருந்தால் இன்னும் மோசம். மூட்டுக்குள் 20 முதல் 30 மி.லி. நீர் கோத்தாலே குவாட்ரிசெப்ஸின் உட்பக்கப் பகுதியான வாஸ்டஸ் மீடியாலிஸ் அடங்கிப்போகும். அது சோம்பல் அல்ல, தண்டுவட அளவில் நடக்கும் தடை. 'இன்னும் நல்லா அழுத்துங்க' என்று நோயாளியிடம் குரலை உயர்த்திப் பயனில்லை. முதலில் ஐஸ், காலை உயர்த்தி வைத்தல், அதன்பின் நோயாளி தானும் முயன்றபடி மின்தூண்டல் என்ற வரிசையில் போனால்தான் தசை எழும். குவாட்ரிசெப்ஸ் செட் (முழங்காலை நீட்டியபடி முன்தொடையை இறுக்கும் பயிற்சி) கொடுக்கும்போது சில்லு மேல்நோக்கி ஏறுகிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். பலர் குளூட்டியஸால் குதிகாலைப் படுக்கையில் அழுத்திவிட்டுக் குவாட்ரிசெப்ஸ் வேலை செய்ததாக நம்பவைத்துவிடுவார்கள். முழங்கால் என்னவோ கீழே போகும், சில்லு மட்டும் அசையாது.

இதே ஏமாற்று வித்தை நிற்கும்போது வரமாகிறது. பாதம் ஊன்றியிருந்தால் குளூட்டியஸ் மாக்சிமஸ் தொடை எலும்பைப் பின்னால் இழுத்தும், கெண்டையின் ஆழத் தசையான சோலியஸ் டிபியாவைப் பின்னால் பிடித்தும் முழங்காலை நேராக்கிவிடும். குவாட்ரிசெப்ஸ் செயலிழந்த போலியோ நோயாளிகள் ஒவ்வோர் அடிக்கும் தொடையில் கை ஊன்றி நடப்பார்களே, அந்தக் கையும் தொடை எலும்பைப் பின்னால் தள்ளுகிற வேலையைத்தான் செய்கிறது.

ஊன்றுகோலை வலி இல்லாத பக்கத்துக் கையில் பிடிக்கச் சொல்கிறோம். நோயாளியின் வீட்டார் 'வலிக்கிற பக்கம்தானே தாங்க வேணும்?' என்று கேட்டால் என்ன விளக்கம் சொல்வது?
– இன்டர்ன், பெரம்பூர்

கணக்காகவே சொல்லிவிடுங்கள். 60 கிலோ எடையுள்ளவர் வலிக்கிற வலது காலில் மட்டும் நிற்கிறார். அந்தக் காலின் எடையைக் கழித்தால் இடுப்பு மூட்டின் மேல் இருப்பது சுமார் 50 கிலோ. இந்த எடையின் கோடு மூட்டிலிருந்து ஏறத்தாழ 10 செ.மீ. உள்ளே விழுகிறது. இடுப்பு சாயாமல் தடுக்கும் குளூட்டியஸ் மீடியஸுக்கோ 5 செ.மீ. நெம்புகரம்தான். 50 × 10 = 500. 500 ÷ 5 = 100. ஆக, தசை 100 கிலோ விசையில் இழுக்க வேண்டும். மூட்டின் மேல் விழுவது தசையின் இழுப்பும் எடையும் சேர்ந்து 150 கிலோ.

இப்போது இடது கையில் கோலைப் பிடித்து வெறும் 5 கிலோ அழுத்தட்டும். கோல் மூட்டிலிருந்து சுமார் 40 செ.மீ. தள்ளி இருப்பதால் 5 × 40 = 200 குறைகிறது. மீதி 300, அதற்குத் தசை 60 கிலோ இழுத்தால் போதும். மூட்டின் சுமை 150-இலிருந்து சுமார் 105-க்கு இறங்கிவிட்டது. நெம்புகரம் நீளமாக இருப்பதால் ஐந்து கிலோ அழுத்தம் நாற்பத்தைந்து கிலோவைக் குறைத்துவிடுகிறது. அளவுகள் ஆளுக்கு ஆள் மாறும், விகிதம் பெரிதாக மாறாது. வலிக்கிற பக்கமே பிடித்தால் கோல் மூட்டுக்கு மிக அருகில் இருப்பதால் இந்த லாபம் கிடைக்காது. நோயாளியும் அந்தப் பக்கமாகவே சாய்ந்து நடக்கப் பழகிவிடுவார்.

கோலின் உயரம்: செருப்பு போட்டு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டின் மடிப்பு மட்டத்துக்குப் பிடி வர வேண்டும். பிடித்தபின் முழங்கை 20 முதல் 30 டிகிரி மடங்கியிருக்கும்.

ஃப்ரோஸன் ஷோல்டர் (இறுகிப்போன தோள்) நோயாளி கையைப் பக்கவாட்டில் தூக்கும்போது தோளே காதுக்கு ஏறுகிறது. இது பழக்கமா, நோயா? கிளைடு (எலும்பு முனையைக் கையால் வழுக்கிவிடும் சிகிச்சை) எந்தத் திசையில் கொடுப்பது?
– நான்காம் ஆண்டு மாணவி, திருவான்மியூர்

கை 180 டிகிரி உயர்வதில் ஏறத்தாழ 120 தோள் மூட்டிலும் 60 தோள்பட்டை எலும்பு விலா மேல் சுழல்வதிலும் கிடைக்கிறது என்பது பாடப்புத்தக விகிதம். ஆளுக்கு ஆளும், கை உயரும் கட்டத்துக்கு ஏற்பவும் இது மாறும். முதல் 30 டிகிரிவரை தோள்பட்டை எலும்பு பெரிதாக நகராது. அதன் கீழ்முனையைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு நோயாளியின் பின்னால் நில்லுங்கள். ஆரோக்கியமான பக்கத்தில் அந்த முனை விரலை விட்டு வெளிப்பக்கமாக நழுவுவது சிறிது தாமதமாகத்தான் தொடங்கும். இறுகிய பக்கத்தில் கை உயரத் தொடங்கியதுமே விரலைத் தள்ளிக்கொண்டு போகும். மூட்டு தராத அசைவைத் தோள்பட்டை ஈடுகட்டுகிறது.

அடுத்து, அதே தோள்பட்டை எலும்பை மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் அசையாமல் பிடித்துக்கொண்டு கையைப் பாசிவாகத் தூக்குங்கள். 60, 70 டிகிரியிலேயே கெட்டியாக நின்றால் காப்சூல் (மூட்டுறை) இறுகியிருக்கிறது. பாசிவாக முழுதும் வந்து ஆக்டிவாக வராவிட்டால் சுழல் தசைகளைச் சந்தேகியுங்கள். முழங்கையை உடம்போடு ஒட்டிவைத்து வெளிச்சுழற்சியையும் பாருங்கள். ஃப்ரோஸன் ஷோல்டரில் முதலில் பறிபோவது பெரும்பாலும் அதுதான். தலை பின்னவும் தாவணி முடிச்சுப் போடவும் முடியவில்லை என்று நோயாளி சொல்வதில் பாதி விவரம் அங்கேயே இருக்கிறது.

கிளைடு விஷயத்தில் மறுபடியும் அதே கேள்வி: அசைகிற எலும்பின் முனை குழிவா, குவிவா? ஹியூமரஸ் (மேற்கை எலும்பு) தலை குவிந்தது, அசைவதும் அதுவே. கை மேலே போகும்போது தலை மேலே உருளும், கீழே வழுக்கும். வழுக்காமல் உருண்டால் மட்டும் அக்ரோமியனில் (தோள்பட்டை எலும்பின் மேல்முனையில்) போய் முட்டிவிடும், நடுவில் உள்ள இடைவெளி சுமார் ஒரு செ.மீ.தான். ஆகவே தூக்கலைக் கூட்டக் கீழ்நோக்கிய கிளைடு.

வெளிச்சுழற்சிக்கு விதிப்படி முன்நோக்கிய கிளைடு. தேர்வில் அதை எழுதுங்கள். கிளினிக்கில் பின்நோக்கிய கிளைடையும் முயன்று பாருங்கள். ஃப்ரோஸன் ஷோல்டர் நோயாளிகளிடம் இரண்டையும் ஒப்பிட்டு 2007-இல் வெளியான ஓர் ஆய்வில் வெளிச்சுழற்சி அதிகம் கூடியது பின்நோக்கிய கிளைடு பெற்றவர்களுக்கே. குழிவு-குவிவு விதி எலும்பின் வடிவத்தைப் பார்க்கிறது, காப்சூலின் எந்தப் பகுதி இறுகியிருக்கிறது என்பதை அது அறியாது. எந்தக் கிளைடு கொடுத்தாலும் முன்னும் பின்னும் அளந்து எழுதுங்கள். கூடிய டிகிரி சொல்வதே தீர்ப்பு.

ஒரே நோயாளியின் முழங்காலை நான் அளந்தால் 100, தோழி அளந்தால் 110. யார் சரி?
– மூன்றாம் ஆண்டு மாணவி, தாம்பரம்

இருவரும் வேறு வேறு நிலையில் அளந்திருக்கலாம். குப்புறப் படுக்கவைத்தால் இடுப்பு நீண்டிருக்கும், ரெக்டஸ் ஃபெமோரிஸ் இழுத்துப் பிடிக்கும், எண் குறையும். மல்லாக்கப் படுத்து இடுப்பையும் மடக்கினால் அந்தத் தசை தளர்ந்து எண் கூடும். மூட்டின் அளவு வேண்டுமென்றால் மல்லாக்க.

கோனியோமீட்டரின் (கோணமானியின்) மையம் தொடை எலும்பின் வெளி எபிகாண்டைலில் (முழங்காலின் வெளிப்பக்க எலும்பு மேட்டில்). அசையாத கரம் கிரேட்டர் ட்ரோகான்டரை (தொடை எலும்பு மேல்முனையின் வெளிமேட்டை) நோக்கி, அசையும் கரம் வெளிக் கணுக்காலை நோக்கி. பேன்ட் அல்லது புடவைக்கு மேலாக ட்ரோகான்டரைக் குத்துமதிப்பாகக் கணித்தால் அங்கேயே சில டிகிரி போய்விடும், ஆகவே தொட்டு உறுதிசெய்யுங்கள். கரத்தைச் சதையின் ஓரத்துக்கு இணையாக வைப்பது அடுத்த பிழை. கெண்டைச் சதை பருத்தவரிடம் அது தவறான எண்ணைக் காட்டும். கண்ணை மூட்டின் மட்டத்துக்குக் கொண்டுவந்து படியுங்கள், நின்றபடி குனிந்து பார்க்காதீர்கள்.

வெறும் '110' என்று எழுத வேண்டாம். '10–110' என்றால்தான் நீட்டலில் 10 டிகிரி குறைவது தெரியும். 5 டிகிரிக்குள் வரும் வித்தியாசத்தை முன்னேற்றம் என்று நோயாளியிடம் சொல்லாதீர்கள். 'நாற்காலியிலிருந்து எழ எவ்வளவு வேண்டும்?' என்று அவர் கேட்டால் 90-க்குச் சற்று மேல், சமதளத்தில் நடக்க 60 முதல் 70, குந்தி உட்கார 130-க்கும் மேல் என்று சொல்லலாம்.

மணிக்கட்டை உள்ளே மடக்கிக்கொண்டு கையை இறுக மூட முடியவில்லையே, ஏன்?
– முதலாம் ஆண்டு மாணவர், அம்பத்தூர்

விரல் மடக்கும் தசைகள் மணிக்கட்டையும் தாண்டித்தான் போகின்றன. மணிக்கட்டு மடங்கியபோதே அவை குறுகிவிட்டன, மேலும் குறுக இடமில்லை. புறங்கையில் நீட்டும் தசைநாண்களோ முழுதும் இழுபட்டு விரல்களைத் திறக்கப் பார்க்கின்றன. பிடி வலுவாக வர மணிக்கட்டு 20 முதல் 30 டிகிரி பின்னால் நீண்டிருக்க வேண்டும்.

வார்டில் இது உதவும். கழுத்தில் சி6 மட்டத்தில் தண்டுவடம் அடிபட்டவருக்கு விரல் தசைகள் வேலை செய்யாது, மணிக்கட்டைத் தூக்கும் தசை வேலை செய்யும். மணிக்கட்டைத் தூக்கினால் விரல்கள் தாமாக மூடி டம்ளரைப் பிடிக்கும். அப்படிப்பட்டவரின் விரலையும் மணிக்கட்டையும் ஒரே நேரத்தில் நீட்டி ஸ்ட்ரெட்ச் கொடுத்துவிடாதீர்கள். தசை நீண்டு தளர்ந்தால் அவருக்கு மிஞ்சியிருக்கும் பிடியும் போய்விடும். விரலை நீட்டும்போது மணிக்கட்டு மடங்கியிருக்கட்டும். மணிக்கட்டை நீட்டும்போது விரல் மடங்கியிருக்கட்டும்.

குந்தி உட்கார்ந்தால் குதிகால் தூக்கிக்கொள்கிறது. கெண்டைச் சதையைப் பல வாரம் ஸ்ட்ரெட்ச் செய்தும் பலனில்லை.
– இரண்டாம் ஆண்டு மாணவர், வியாசர்பாடி

முழங்காலை நீட்டி, சுவரில் கை ஊன்றிச் செய்திருப்பீர்கள். அது முழங்காலையும் தாண்டும் மேல் கெண்டைத் தசையான கேஸ்ட்ரோக்னீமியஸுக்கு. குந்தும்போது முழங்கால் மடங்கியிருப்பதால் அது ஏற்கெனவே தளர்வு. தடுப்பது சோலியஸாக இருக்கலாம், முழங்காலை மடக்கி வைத்து அதை நீட்டுங்கள்.

சுவருக்கு எதிரே ஒரு பாதத்தை வைத்து, குதிகாலைத் தூக்காமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள். தொட முடிகிற அளவுக்குப் பாதத்தைப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டே போய், பெருவிரலுக்கும் சுவருக்கும் இடையிலான தூரத்தை டேப்பால் அளந்து, இரண்டு காலையும் ஒப்பிடுங்கள். இறுக்கம் பின்னால் கெண்டைப் பக்கம் தெரிந்தால் தசை. கணுக்காலின் முன்பக்கம் முட்டுவது போல இருந்தால் மூட்டு, அதற்கு எத்தனை வாரம் தசையை நீட்டினாலும் குதிகால் இறங்காது. படுத்திருப்பவரிடம் டேலஸைப் (கணுக்கால் மூட்டின் கீழ் எலும்பைப்) பின்னோக்கி வழுக்க வேண்டும். அவரே பாதம் ஊன்றி நிற்கும்போது நிற்கும் முனை டேலஸ், அதனால் டிபியாவை முன்னோக்கி. பெல்ட்டை டிபியாவின் கீழ்ப்பகுதிக்குப் பின்னால் போட்டு முன்னால் இழுத்தபடி, அவரை முழங்காலைச் சுவருக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். 10 முறை முடிந்ததும் மறுபடி டேப்பால் அளந்து பாருங்கள்.